பள்ளம் இல்ல, வாங்க

என் மருமகனைப் பள்ளத்தார் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர் வேறு. அது பத்திரிகையோடு பரணுக்குப் போய்விட்டது. இந்தப் பெயரை வைத்தவர் விமானம் ஓட்டுகிற கேப்டன். ஓடுதளத்துக்கு மேலே வந்ததும் ஒயர்லெஸ்ஸில் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பள்ளத்தாரே, பள்ளம் இருக்கா?" இவர் கீழே நின்று சொல்கிற பதில், "பள்ளம் இல்ல, வாங்க." அவ்வளவுதான். நலம் விசாரிப்பது, நாட்டு நடப்பு பேசுவது, ஒன்றும் கிடையாது. வருடக்கணக்கில் இதே கேள்வி, இதே பதில். புருஷன் பெண்டாட்டிகூட இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஓடுதளம் என்றதும் தார் ரோடும் விளக்கும் கண்ணாடிக் கட்டடமும் என்று நினைத்துவிடக் கூடாது. வெறும் மண்தரை. முள்காட்டுக்கு நடுவே வகிடு எடுத்ததுபோல் நீளமாக ஒரு கோடு. இரண்டு ஓரமும் சுண்ணாம்பு அடித்த கற்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு கம்பமும் அதன் உச்சியில் ஒரு துணிப்பையும். ஒயர்லெஸ் வைத்த தகரக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, இரண்டு அறை உள்ள குவார்ட்டர்ஸ். அங்கங்கே சிதறிக் கிடக்கிற குடியிருப்புகளுக்கு மருந்தும் தபாலும் அந்தச் சின்ன விமானத்தில்தான் வர வேண்டும். லாரி வருகிற பாதை ஒன்று உண்டு. அதில் ஒருமுறை போய் வந்தால், இறங்கியதும் எலும்பெல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பள்ளம் எப்படி வரும் என்றால், முயலால் வரும். மனுஷன் சமப்படுத்தி வைத்த மண்ணைக் கண்டால் அதற்கு மெத்தையைக் கண்டதுபோல. ராத்திரியெல்லாம் பறித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். விடிந்ததும் இவர் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடப்பார். ஒவ்வொரு குழியிலும் கல் போட்டு, மண் போட்டு, திம்சுக்கட்டையால் குத்தி இறுக்குவார். அப்புறம் டிராக்டருக்குப் பின்னால் தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டி இழுத்து மட்டம் செய்வார். அப்புறம் ஆடுகளை விரட்டுவார். மறுநாள் பார்த்தால் மறுபடி குழி. "முயலுக்குத் தோண்டுற வேலை, எனக்கு மூடுற வேலை. ரெண்டு பேருக்கும் லீவு கிடையாது, அத்தை" என்பார். சிரித்துக்கொண்டு சொல்வதாக நினைத்துச் சொல்வார். முகத்தில் சிரிப்பு வந்து சேர்வதற்குள் அவருக்கே அலுத்துவிடும்.

அப்படி ஒரு அசதி அந்த மனுஷனுக்கு. உட்கார்ந்தால் கண் சொருகும். நின்றால் சுவர் தேடுவார். டீயைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு அது ஆறிப் போகிறவரை எதையோ பார்த்துக்கொண்டிருப்பார். சூடு பண்ணித் தருகிறேன் என்றால், "வேண்டாம் அத்தை, மறுபடியும் ஆறத்தானே போகுது" என்பார். என் பேத்தி பிறந்த வருஷம் அங்கே வேலைக்குப் போனவர். அந்தப் பெண் இப்போது பள்ளிக்கூடத்தை முடிக்கப் போகிறாள். அவள் வளர்ந்ததை அவர் போட்டோவில் பார்த்ததுதான் அதிகம். என் மகளுக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் வேலை. அதை விட்டுவிட்டுப் போக முடியாது. இவரும் வர முடியாது. இவர் வந்துவிட்டால் பள்ளத்தை யார் மூடுவது?

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இவருக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. மகளால் போக முடியவில்லை, நான் போனேன். விமானத்தில்தான் போனேன். அது இறங்கும்போது என் வயிறு தொண்டைக்கு வந்து, தொண்டை உச்சந்தலைக்குப் போய்விட்டது. மண்ணில் கால் வைத்ததும் சொல்லிவிட்டேன், செத்தாலும் இனி இதில் ஏற மாட்டேன் என்று. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிட்டது. நான் சொன்ன சொல்லிலிருந்து இறங்கவில்லை. லாரிக்காரனோ இடம் இருந்தால் மூட்டை ஏற்றுவான், மூட்டை இருந்தால் இடம் இல்லை என்பான். அப்படியே தங்கிவிட்டேன். மாமியாரும் மருமகளும் ஒரு வீட்டில் இருந்தால் சத்தம். மாமியாரும் மருமகனும் இருந்தால் மௌனம். நான் சமைப்பேன், அவர் சாப்பிடுவார். உப்பு கூடினாலும் சொல்ல மாட்டார், குறைந்தாலும் சொல்ல மாட்டார். சொல்லத் தெம்பு இருக்காது.

ஒவ்வொரு வருஷமும் மாற்றல் கேட்பார். மாற்று ஆள் கிடைத்ததும் பார்க்கலாம் என்று பதில் வரும். ஒரு வருஷம் நிஜமாகவே ஒரு ஆளை அனுப்பினார்கள். விமானம் வந்து நின்றது. அது நிற்கிற கோடியில் புழுதி கிளம்பினால், ஆள் இருப்பது இருமல் சத்தத்தில்தான் தெரியும். அந்த மனுஷர் புழுதிக்குள் இறங்கினார், இருமினார், கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை. திரும்பி ஏறி அதே விமானத்தில் போய்விட்டார். மருமகன் தன் பெட்டியைக் கட்டித் தயாராக வாசலில் வைத்திருந்தார். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். என் மகளுக்கு ஒயர்லெஸ் வழியாக அவர் அனுப்பிய செய்தி, "வரல." அவ்வளவுதான்.

அதற்கு அப்புறம் எத்தனையோ காலம் கழித்து, இன்னொரு ஆள் வருகிறார் என்று கேப்டன் சொன்னார். அன்றையிலிருந்து மருமகன் வேறு ஆள். கற்களுக்கெல்லாம் புதுச் சுண்ணாம்பு அடித்தார். காற்றுப் பையில் கிழிசல் இருந்தது, என்னிடம் கொடுத்துத் தைக்கச் சொன்னார். வருகிறவர் படுக்கிற அறையில் கொசுவலை கட்டினார். கல்யாண வீட்டுக்காரர்போல் அலைந்தார். முந்தின நாள் டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியைப் பூட்டி, விமானம் வந்து நிற்கிற கோடியில் தண்ணீர் விட ஆரம்பித்தார். ஒரு நடை அல்ல, பல நடை.

"மாப்பிள்ளை, குளிக்கத் தண்ணி அளந்து ஊத்துறோம். மண்ணுக்குக் குளியலா?" என்று கேட்டேன்.

"புழுதி அடங்கட்டும் அத்தை. போன தடவ மாதிரி ஆயிடக் கூடாது."

"வர்றவர் என்ன, மாப்பிள்ளையா? நடந்து வந்து காலைக் கழுவிக்கட்டும்."

"கால் கீழ வைக்கிறவரைக்கும்தான் பயம். வச்சுட்டா இருந்துடுவார்."

மழை பெய்தால் இவரே ஓடுதளத்தை மூடிவிடுவார். ஈரமண்ணில் விமானம் இறங்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாத விஷயமா? ஆனால் அவர் போட்ட கணக்கு வேறு. அந்தப் பருவத்தில் காற்று ஒரே பக்கம்தான் அடிக்கும். காற்றுக்கு எதிராகத்தான் விமானம் இறங்கும். அப்படியென்றால் தூரத்துக் கோடியில் சக்கரம் தரை தொடும். இந்தக் கோடிக்கு வருவதற்குள் வேகம் செத்து, மாட்டுவண்டிபோல் உருண்டு வரும். அந்த வேகத்துக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. கணக்கு சரிதான். காற்றுதான் கணக்குப் படிக்கவில்லை.

மறுநாள் வெயில் ஏறின நேரம். நான் கொட்டகை ஓரத்தில் நிழலில் உட்கார்ந்திருந்தேன். விமானச் சத்தம் கேட்டதும் மருமகன் ஒயர்லெஸ்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். அப்புறம் கம்பத்தைப் பார்த்தார். நான் தைத்துக் கொடுத்த பை, காலையில் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு இருந்ததோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் உப்பிக்கொண்டு நின்றது. அவர் திரும்பி, தண்ணீர் விட்ட கோடியைப் பார்த்தார். புழுதியே இல்லாமல், மெழுகி விட்டதுபோல் கறுப்பாகக் கிடந்தது.

ஒயர்லெஸ்ஸில் கேப்டன் குரல் வந்தது. "பள்ளத்தாரே, காத்து திரும்பிடுச்சு போல. இந்தப் பக்கத்துலேர்ந்து வர்றேன். பள்ளம் இருக்கா?"

மருமகன் ஒயர்லெஸ்ஸை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"என்னய்யா, தூங்கிட்டீங்களா? பள்ளம் இருக்கா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. தூங்குகிறவர் முகமில்லை அது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்கிறவர் முகம்.

"பள்ளம் இல்ல, வாங்க" என்றார்.

விமானம் தாழ்ந்து வந்தது. பின்சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டதும் மண்ணைக் கிழித்துக்கொண்டு ஒரு மாதிரி வழுக்கியது. மூக்குக்குக் கீழே இருக்கிற ஒற்றைச் சக்கரம் இறங்கியது, புதைந்தது, அதன் கால் முறிந்தது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம், அதைப்போல நூறு மடங்கு. மூக்கு மண்ணில் குத்தி, முன்னால் சுற்றுகிற விசிறி வளைந்து, வால் ஒருமுறை வானத்துக்கு எழும்பி மறுபடி கீழே விழுந்தது. அப்புறம் சத்தமே இல்லை. ஒட்டகம் மண்டி போட்டதுபோல் அது கிடந்தது.

மருமகன் ஓடினார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். நானும் என்னால் முடிந்த வேகத்தில் போனேன். கேப்டனின் நெற்றி கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. மருமகன் கதவைத் திறந்து அவரைத் தாங்கி இறக்கினார். பின்னால் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே புது ஆள் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல் இல்லை. வயது இவருக்குச் சமம், வயிறு மட்டும் இரண்டு பங்கு.

"வந்தாச்சா?" என்று கேட்டார்.

"வந்தாச்சு, இறங்குங்க" என்றார் மருமகன்.

அவர் இறங்கினார். புது பூட்ஸ் கணுக்கால்வரை சேற்றில் போயிற்று. "புழுதியா இருக்கும்னு சொன்னாங்களே?" என்றார்.

அன்று பொழுது சாய்கிற நேரம் மருமகன் மண்வெட்டியோடு விமானம் கிடந்த இடத்துக்குப் போனார். மூக்கு உழுதுகொண்டு போன இடத்தில், குழி என்றும் சொல்ல முடியாது வாய்க்கால் என்றும் சொல்ல முடியாது, நீளமாக ஒரு பள்ளம். பள்ளத்தைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது தரையில் ஒரு குழி இருந்தால் இலையைத் தள்ளி வைத்துவிட்டு மூடுகிற ஆள். அன்று மண்வெட்டியை ஊன்றி நின்றார். ரொம்ப நேரம் நின்றார். அப்புறம் மூடாமலே திரும்பி வந்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அவர் மூடாமல் விட்ட பள்ளம் அது ஒன்றுதான்.

விசாரணை அதிகாரி லாரிப் பாதையில் ஜீப்பில் வர வேண்டும். அவர் வருகிறவரை கேப்டனும் புது ஆளும் எங்களோடு அந்த இரண்டு அறையில். நாலு பேருக்கு நான் பொங்கிப் போட்டேன். கேப்டன் நெற்றியில் கட்டோடு சுவர் பக்கம் சாய்ந்துகொண்டு ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பிப் பேசுவார்.

"தப்பு என்னோடதுதான், பள்ளத்தாரே. அந்த முன்கால்ல போன மாசமே ஒரு சத்தம். மாத்துங்க, மாத்துங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். மாத்தல. மாத்தாம நான் எடுத்திருக்கக் கூடாது. இனிமே என் கையில எவன் பிளேனைக் குடுப்பான்?"

மருமகன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

புது ஆள் ஒருவர்தான் அந்த வீட்டில் கலகலப்பு. "பாட்டி, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்துங்க. உயிர் பிழைச்சவனுக்குப் பசி ஜாஸ்தி" என்பார். ஆபீசில் என்ன தப்பு செய்துவிட்டு இந்தக் காட்டுக்கு வந்தார் என்று கேட்டேன்.

"மேலதிகாரி நாற்காலியில உட்கார்ந்தேன், பாட்டி."

"உட்கார்ந்தா என்ன?"

"அவர் லீவுன்னு நினைச்சேன். அவர் பாத்ரூம் போயிருந்தார்."

கேப்டன்கூட நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டார். மருமகன் சிரிக்கவில்லை. ராத்திரி அவர் தூங்குவதும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்தாலே தூங்குகிறவர், படுத்தும் தூங்கவில்லை.

இதை எழுதிக் கொடுப்பவள் அவர் மகள்தான். அப்பாவைப் பற்றி இதையெல்லாம் போட வேண்டுமா என்று முறைக்கிறாள். போடத்தான் வேண்டும். நல்லதை மட்டும் எழுதினால் அது கல்யாணப் பத்திரிகை, மனுஷன் கதை இல்லை.

அதிகாரி வந்து சேர்ந்தார். ஜீப் குலுக்கலில் இடுப்பு பிடித்துக்கொண்டு, ஒரு கையால் இடுப்பைத் தாங்கியபடிதான் நடந்தார். எப்போது திரும்பிப் போவோம் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. அதற்குள் தரை காய்ந்து செங்கல்போல் ஆகியிருந்தது. முறிந்த காலை உருட்டி உருட்டிப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"முறிஞ்ச இடத்துல பாதி துரு. பழைய விரிசல்" என்றார். "கால் முறிஞ்சதும் மூக்கு தரையை உழுதிருக்கு. இவ்வளவுதானே? விரிசல் இருக்குன்னு சந்தேகம் இருந்தும் கேப்டன் எடுத்திருக்கார். சரிதானே, கேப்டன்?"

"சரிதான்" என்றார் கேப்டன்.

"ஓடுதளத்துல ஒரு குறையும் இல்ல. நல்லா வச்சிருக்கீங்க. கல்லெல்லாம் பளிச்சுனு இருக்கு. உங்க மாற்றலும் இந்த வாரமே ஆயிடும்."

மருமகன் கொட்டகைத் தூணில் சாய்ந்திருந்தார். என் மகள் முகமும் பேத்தி முகமும் எனக்குக் கண்ணில் வந்து போயின. போகலாம், கடைசியில் போகப் போகிறோம் என்று நினைத்தேன்.

"ஐயா, தரை ஈரமா இருந்துச்சு" என்றார் மருமகன்.

அதிகாரி நிமிர்ந்தார். "மழையா?"

"மழை இல்ல. நான்தான் தண்ணி விட்டேன்."

"எதுக்கு?"

மருமகன் புது ஆளைப் பார்த்தார். "இவர் புழுதியப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிடக் கூடாதுன்னு."

"நானா?" என்றார் புது ஆள். "எனக்குத் திரும்பிப் போக வழியே இல்லையே, அண்ணே."

"அது எனக்குத் தெரியாது. காத்து வழக்கம்போல இருந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. திரும்பிடுச்சு. பிளேன் மேல வரும்போதே பார்த்துட்டேன்."

"பார்த்துட்டா சொல்லியிருக்கலாமே!" என்றார் அதிகாரி.

"சொன்னா கேப்டன் திரும்பிப் போயிருப்பார். இவரும் போயிருப்பார். அப்புறம் எப்பவோ." தூணிலிருந்து முதுகை எடுத்தார். "கேப்டன் பள்ளம் இருக்கான்னு கேட்டார். இல்லன்னேன். ஈரம் இருக்கான்னு கேக்கல. நானும் சொல்லல."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார்.

"நான் எழுதி முடிச்சுட்டேன்யா."

"தெரியும் ஐயா."

"இந்தப் பாழாப்போன ரோட்டுல இன்னிக்கே திரும்பணும். இடுப்பு போச்சு. கேப்டனும் ஒத்துக்கிட்டார். அப்புறம் எதுக்கு இப்ப வாயத் திறக்கறீங்க?"

"பொய் சொன்னா அதை நாளைக்கும் ஞாபகம் வச்சுக்கணும், நாளைக்கு மறுநாளும் வச்சுக்கணும்" என்றார் மருமகன். "எனக்கு அதுக்குத் தெம்பு இல்லைங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதிகாரி அந்தத் தாளைக் கிழித்து வேறு தாள் எடுத்தார். நான் போய் முன்னால் நின்றுகொண்டேன்.

"தம்பி, தண்ணி விட்டதை எழுதுங்க. வேண்டாங்கல. ஆனா அந்தத் துருப் பிடிச்ச விரிசலையும் எழுதணும்."

"எழுதுவேன்மா."

"எனக்கு எழுத்து தெரியாது. எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க."

"இது ஆபீஸ் சமாசாரம்மா."

"சோறு என் சமாசாரம். ரெண்டும் அதுல இருந்தாத்தான் இங்க இலை விழும்."

மனுஷருக்கு நல்ல பசி போலிருக்கிறது. படித்துக் காட்டினார். ஈரமும் இருந்தது, விரிசலும் இருந்தது. மாற்றினாரா என்று பார்க்க இன்னொரு தரமும் படிக்கச் சொன்னேன். அதே வார்த்தைகள்தான் வந்தன. அதற்கப்புறம்தான் அடுப்புப் பக்கம் போனேன்.

கேப்டன் சாப்பிட வரவில்லை. எழுந்து போய் விமானத்தின் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. ஜீப் கிளம்பும்போது ஏறி உட்கார்ந்தார். மருமகன் ஓரத்தில் போய் நின்றார். அத்தனை வருஷம் ஒரு கேள்வி, ஒரு பதில் என்று வாழ்ந்தவர்கள். அன்று கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. ஜீப் கிளப்பிய புழுதி இவர் தலையில் இறங்கியது. தட்டிவிடாமல் நின்றார்.

உத்தரவு சரக்கு லாரியில் வந்தது. மருமகன் அதைப் பிரிக்காமல் புது ஆளிடம் கொடுத்தார். அவர் உரக்கப் படித்தார்.

"ஓடுதளப் பணிக்குத் தகுதியற்றவர் எனக் கருதி, தண்டனையாக நகரக் கிடங்குக்கு மாற்றப்படுகிறார்."

படித்துவிட்டு அவரே ஒருமுறை மனசுக்குள் படித்துப் பார்த்தார். "அண்ணே, இது தண்டனையா, பரிசா? நகரக் கிடங்குன்னா உங்க வீட்டுக்குப் பக்கத்துத் தெருதானே?"

அப்படித்தான். கேட்டுக் கேட்டு அலுத்தபோது கொடுக்காததை, அடிக்கிறேன் பார் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆபீசுக்குத் தெரிந்த ஒரே தண்டனை, இருக்கிற இடத்திலிருந்து கிளப்புவதுதான். நாற்காலியில் உட்கார்ந்தவரைக் காட்டுக்குக் கிளப்பினார்கள், காட்டில் நின்றவரை வீட்டுக்குக் கிளப்பினார்கள். நான் சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். மருமகன் சிரிக்கவில்லை.

"மேல் வரிய இன்னொரு தடவ படிங்க" என்றார்.

"தகுதியற்றவர் எனக் கருதி..."

"போதும்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முறிந்த விமானத்தை அதற்கு முன்பே பிரித்து எடுத்துப் போயிருந்தார்கள். பள்ளம் மட்டும் அப்படியே கிடந்தது. புது ஆளும் கூடையோடு பின்னால் போனார். ஒருவர் கல் போட, ஒருவர் மண் போட, இரண்டு பேரும் சேர்ந்து குத்தி இறுக்கினார்கள். மட்டம் செய்து முடித்ததும் மருமகன் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் வெறுங்காலால் நடந்து பார்த்தார். பிறகு மண்வெட்டியைப் புது ஆள் கையில் கொடுத்துவிட்டார்.

"பகல்ல முயல் வராதே, அண்ணே?" என்று கேட்டார் புது ஆள்.

"அதுவும் அப்ப தூங்கும்" என்றார் மருமகன்.

லாரியில் வந்தோம். மூட்டைகளுக்கு நடுவே என்னை உட்கார வைத்து, முதுகுக்குத் தன் போர்வையை மடித்து வைத்தார். வண்டி முதல் திருப்பம் திரும்புவதற்குள் தூங்கிப்போனார். பாதை போட்ட போட்டில் நான் நாலு முறை கத்தினேன். அவர் தலை மூட்டையில் மோதி மோதி ஆடியது, விழிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தும் தூக்கம்தான். கிடங்குக்குப் போவார், மூட்டை எண்ணுவார், வருவார், படுப்பார். மகள் என்னிடம் வந்து புலம்பினாள். "இத்தனை வருஷம் காத்திருந்தது குறட்டை கேக்கத்தானாம்மா?"

"கேளுடி. இத்தனை நாள் அதுவும் கேக்கலையே நீ."

"தூக்கத்துல கையக் கைய ஆட்டறார். என்னத்தையோ மூடுற மாதிரி."

"போர்த்தி விடு. மூடிக்கட்டும்."

அவள் ஆஸ்பத்திரியில் துணி மூட்டை தூக்கிக்கொண்டு போகும்போது ஒருநாள் வராந்தாவில் கேப்டனைப் பார்த்திருக்கிறாள். விரிசல் பற்றி எழுதியிருந்ததால் விமானக் கம்பெனியையும் கேள்வி கேட்டார்களாம். கொஞ்ச காலம் தரையில் உட்கார வைத்துவிட்டு மறுபடி பறக்கச் சொல்லிவிட்டார்களாம். அதற்கு முன்னால் கண்ணைப் பரிசோதிக்க வந்திருந்தார். நெற்றியில் தழும்பு. இதெல்லாம் கண் பிரிவு நர்ஸ் சொல்லித் தெரிந்தது, இவளிடம் அவர் நேரே பேசவில்லையாம். நடந்து போனவர் திரும்பி வந்து, "ஞாயித்துக்கிழமை வீட்ல இருப்பாரா?" என்று மட்டும் கேட்டாராம்.

மகள் அதைச் சொன்னதும் மருமகன் எழுந்து உட்கார்ந்தார். திட்ட வருகிறாரா, என்ன வருகிறார் என்று யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கவில்லை. சவரம் செய்துகொண்டார். சட்டையை மாற்றினார், மறுபடி மாற்றினார். தெருமுனையில் குழாய் போடத் தோண்டியிருந்தார்கள். எங்கள் வாசல்வரை மண்ணும் புழுதியுமாகக் கிடந்தது. வருகிறவர் மூக்கில் புழுதி ஏற வேண்டாம் என்று மகள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் தெளிக்கக் கையை ஓங்கினாள்.

"ஏய்!"

அந்த மனுஷன் கத்தி நான் கேட்டதில்லை. ஓடி வந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டார். பாதித் தண்ணீர் அவர் சட்டையிலேயே விழுந்தது.

"என்னங்க இது! புழுதியில வருவாரா அந்த மனுஷன்?"

"வரட்டும். புழுதியே இருக்கட்டும்."

நனைந்த சட்டையோடு வாசலில் நின்றார். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டேன். கேப்டன் தெருமுனையில் வருவது தெரிந்தது. ஆகாயத்தில் பார்த்த ஆள் தரையில் நடந்து வரும்போது இன்னும் வயசாகித் தெரிந்தார். தோண்டிப் போட்டிருந்த இடத்துக்கு வந்ததும் நின்றார். கீழே பார்த்தார், எங்கள் வாசலைப் பார்த்தார். ஏற இறங்க இவரையும் பார்த்தார்.

"பள்ளத்தாரே" என்றார் அங்கிருந்தே. "பள்ளம் இருக்கா?"

மருமகன் வாளியைக் கீழே வைத்தார். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அந்தக் குழாய்க் குழி ஒண்ணு இருக்கு, இடது பக்கமா வாங்க. ஈரம் இல்ல."